என் ஐந்து நட்சத்திரமும் அந்த 37 பேரும்

நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து வேலை செய்பவன் என்பதால், முதுகுக்கு இதமான நாற்காலி ஒன்றை இணையத்தில் வாங்க முடிவு செய்தேன். இரண்டு மாலைப்பொழுதுகளைச் செலவழித்து, பதினான்கு நாற்காலிகளை ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் 4.5 நட்சத்திரமும் ஆயிரக்கணக்கான மதிப்புரைகளும் கொண்டிருந்த ஒன்றை ஆர்டர் செய்தேன். பெட்டி வந்த அன்றே பாகங்களைப் பூட்டி உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் காலையில் “நீங்கள் வாங்கிய பொருள் எப்படி இருக்கிறது?” என்று தளத்திலிருந்து வந்த நினைவூட்டலைத் தொட்டு, ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்திவிட்டு, “அருமையான நாற்காலி. பூட்டுவதற்கு அரை மணி நேரம்தான் ஆனது. முதுகுக்கு நல்ல பிடிமானம் இருக்கிறது. தாராளமாக வாங்கலாம்” என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மூன்றாம் மாதத்தில் நாற்காலி இறங்கத் தொடங்கியது. இருக்கையை ஏற்றி இறக்கும் உருளையை, அதாவது எல்லோரும் கேஸ் லிஃப்ட் என்று சொல்லும் அந்தப் பகுதியை, உள்ளே அடைத்து வைத்திருக்கும் வாயுவின் அழுத்தம்தான் நிறுத்தி வைக்கிறது. அந்த அழுத்தம் கசியத் தொடங்கிவிட்டால் நாற்காலி உடையாது, சத்தமும் போடாது. காலையில் சரியான உயரத்தில் உட்கார்ந்தவர், பதினோரு மணியளவில் மேசை விளிம்பு தன் நெஞ்சுக்கு நேராக வந்து நிற்பதைக் கவனிப்பார், அவ்வளவுதான். எழுந்து நின்று, நெம்புகோலை இழுத்து, இருக்கையை ஏற்றிவிட்டு மறுபடி உட்காருவேன். ஒரு வாரத்தில் அது அரை மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யும் சடங்காகிவிட்டது. திருப்பி அனுப்புவதற்கான கெடு எப்போதோ முடிந்திருந்தது.

எனக்கு மட்டும்தான் இப்படி ஆயிற்றா என்று பார்க்க மறுபடியும் அந்தப் பொருளின் பக்கத்துக்குப் போனேன். மதிப்புரைகளைப் புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தினேன். “இரண்டு மாதத்தில் இறங்குகிறது”, “உயரம் நிற்கவில்லை”, “நான்கு மாதம்தான் தாங்கியது” என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. தேதிகளைப் பார்த்தபோது, அவற்றில் பல நான் வாங்குவதற்கு முன்பே எழுதப்பட்டவை என்று தெரிந்தது. அப்படியானால் எனக்கு ஏன் கண்ணில் படவில்லை? தளம் தானாகக் காட்டும் “முதன்மை மதிப்புரைகள்” வரிசையை மட்டுமே நான் படித்திருந்தேன். அந்த வரிசைக்குத் திரும்பிச் சென்று மேலிருந்து படித்தபோது, மூன்றாவதாக நின்றது என்னுடைய மதிப்புரைதான். அதன் கீழே சிறிய சாம்பல் நிற எழுத்தில், “37 பேருக்கு இது பயனுள்ளதாக இருந்தது” என்று எழுதியிருந்தது.

யார் பொய் எழுதி என்னை ஏமாற்றினார்கள் என்று தேடிப் போன எனக்கு, அந்த வரியைப் பார்த்ததும் கோபம் போய் வேறொன்று வந்தது. இணைய வணிகத்தில் மதிப்புரைகளை நம்பலாமா என்று யாராவது கேட்டால், பேச்சு உடனே போலி மதிப்புரைகளின் பக்கம் போய்விடும். போலிகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றியும் எழுதப்போகிறேன். ஆனால் இந்த நாற்காலி விஷயத்தில் என்னைத் தவறாக வழிநடத்தியவர்களில் பெரும்பாலோர், என்னைப் போலவே, இரண்டாம் நாளில் உண்மையை எழுதியவர்கள்.

அன்று மாலை அந்தப் பக்கத்தின் முதல் 50 மதிப்புரைகளைப் பொறுமையாகப் படித்து, எழுதியவர் எத்தனை நாள் பயன்படுத்திவிட்டு எழுதுகிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். 41 பேர் முதல் வாரத்துக்குள் எழுதியிருந்தார்கள் என்பது அவர்களுடைய சொற்களிலிருந்தே தெரிந்தது: “இன்றுதான் வந்தது”, “பேக்கிங் நன்றாக இருந்தது”, “படத்தில் உள்ள அதே நிறம்”. முதல் வாரத்தில் ஒருவரால் சொல்ல முடிவது நிறம், அளவு, மணம், பூட்டுவது எளிதா கடினமா என்பது மட்டுமே. நாற்காலியை நான் வாங்கியதோ அது எத்தனை வருடம் தாங்கும் என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு. அந்தக் கேள்விக்கு அவர்களில் ஒருவரும் விடை சொல்லவில்லை. சொன்னதாக நானே எடுத்துக்கொண்டேன். பொருள் கைக்கு வந்த சூட்டோடு மதிப்புரை கேட்பது தளங்களின் வழக்கம். வாங்கிய மகிழ்ச்சி ஆறுவதற்குள் எழுதப்படும் சொற்களே மதிப்புரைப் பக்கங்களில் நிரம்பி வழிவதற்கு அதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பூட்டிய அன்றே நாற்காலியின் இடது கைப்பிடி லேசாக ஆடியது. நான்தான் திருகைச் சரியாக முடுக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன். ஆயிரக்கணக்கானோர் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கும்போது, குறை பொருளில் இருக்கும் என்று மனம் முதலில் நினைப்பதில்லை. எனவே கைப்பிடி என் மதிப்புரையில் இடம்பெறவில்லை. இது என் ஒருவனுடைய பலவீனம் மட்டுமல்ல என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். முச்னிக், ஆரல், டெய்லர் ஆகிய மூவர் 2013-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையில், செய்திகளைப் பகிரும் ஓர் இணையதளத்தின் கருத்துகளுக்கு, எந்தத் தகுதியும் பாராமல் குலுக்கல் முறையில், தொடக்கத்திலேயே ஒரே ஒரு ஆதரவு வாக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். அப்படி வாக்குப் பெற்ற கருத்துகளின் இறுதி மதிப்பெண் மற்றவற்றைவிடச் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்திருந்தது. ஒரு வாக்குக்கே இந்த நிலை என்றால், 4.5 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பக்கத்தில் எழுத வருபவரின் கை எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதாதவர்களின் கணக்கு தனி. என் வீட்டில் இணையத்தில் வாங்கிய பொருள்கள் நிறைய இருக்கின்றன. திரைச்சீலைக் கம்பி, மேசை விளக்கு, பேனா என்று சாதாரணமாக இயங்கிக்கொண்டிருக்கும் எதற்கும் நான் மதிப்புரை எழுதியதில்லை. துள்ளிக் குதித்தபோதோ எரிச்சலடைந்தபோதோதான் எழுதியிருக்கிறேன். 2009-இல் ஹூ, பாவ்லூ, ஜாங் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைப் படம் போட்டே காட்டியது: நட்சத்திரங்களின் பரவல் ஆங்கில ‘ஜே’ எழுத்தின் வடிவத்தில், ஒற்றை நட்சத்திரத்தில் ஒரு சிறு மேடாகவும், நடுவில் பள்ளமாகவும், ஐந்தில் உயர்ந்த கொம்பாகவும் இருக்கிறது. பிடிக்கும் என்று ஏற்கெனவே நினைப்பவர்தான் ஒரு பொருளை வாங்குகிறார். வாங்கியவர்களிலும் மிகவும் பிடித்தவரும் மிகவும் வெறுத்தவரும்தான் எழுதுகிறார்கள். இரண்டு சல்லடைகளில் சலித்த பிறகு மிஞ்சுவதன் சராசரியைத்தான் அந்த 4.5 என்ற எண் நமக்குச் சொல்கிறது. போதாததற்கு, சில பெரிய தளங்கள் காட்டும் எண் எளிய சராசரியும் அல்ல. எவ்வளவு சமீபத்தியது, அங்கேயே வாங்கியவர் எழுதியதா என்பவற்றுக்கு ஏற்ப எடை போட்டுக் கணக்கிட்ட எண் அது.

இப்போது போலிகளுக்கு வருகிறேன். இங்கும் நான் வெறும் பார்வையாளன் இல்லை.

நாற்காலிக்கு ஓராண்டு முன்பு கம்பியில்லா காதொலிப்பான் ஒன்று வாங்கினேன். பெட்டிக்குள், பயன்பாட்டுக் கையேட்டுக்கும் மேலே, திருமண அழைப்பிதழ் போன்ற தடித்த வழவழப்பான அட்டை ஒன்று இருந்தது. ஐந்து நட்சத்திரம் கொடுத்து, நல்ல வார்த்தை நாலு எழுதி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினால், விலையில் ஒரு பகுதி உங்கள் கணக்குக்குத் திரும்பி வரும் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். கீழே ஒரு க்யூஆர் குறி; அதற்கும் கீழே, “இந்த அட்டையைத் தளத்தில் படமாகப் பதிவேற்ற வேண்டாம்” என்று பொடி எழுத்தில் ஒரு வேண்டுகோள். அந்தக் கடைசி வரியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நான் அந்தப் பணத்தை வாங்கவில்லை. ஆனால் அதற்குக் காரணம் என் நேர்மை அல்ல. நான் தட்டச்சு செய்யத் தொடங்குவதற்குள் வலப்பக்கக் காதொலிப்பான் பேச்சை நிறுத்திவிட்டது.

இரண்டு நட்சத்திரம் கொடுத்து, நடந்ததை எழுதினேன். நான்காம் நாள் தொலைபேசி வந்தது. என் எண் விற்பனையாளருக்கு எப்படிக் கிடைத்தது என்பதற்கு விடை, பொருள் அனுப்பும் சீட்டில் இருக்கிறது. “சார், உங்க ரிவ்யூ வந்ததுலேர்ந்து எங்களுக்கு ஆர்டரே குறைஞ்சிடுச்சு சார். முழுப் பணத்தையும் திருப்பிப் போட்டுடறோம், பொருளையும் நீங்களே வெச்சுக்குங்க. அந்த ரிவ்யூவை மட்டும் எடுத்துடுங்க” என்றார் ஒரு பெண். குரலில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. மாலையில் மீண்டும் ஒருமுறை அழைத்தார். பணமும் வந்து சேர்ந்தது. மதிப்புரையை எடுத்துவிட்டேன். பணத்துக்காக எடுத்தேனா, அந்தக் குரலுக்காக எடுத்தேனா என்று இன்றைக்கும் எனக்கே தெளிவில்லை. எப்படியிருந்தாலும் அடுத்து வந்தவர் பார்த்த பக்கத்தில் என் இரண்டு நட்சத்திரம் இல்லை. ஒரு பொருளின் பக்கத்தில் நாம் படிப்பது, இப்படி எடுக்கச் சொல்லி எடுக்கப்பட்டவை எல்லாம் போக எஞ்சியதைத்தான் என்பது அன்று முதல் எனக்கு மறந்ததில்லை.

இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பதற்குப் பொதுவெளியில் ஆதாரம் இருக்கிறது. இலவசப் பொருளுக்கோ சலுகைக்கோ கைம்மாறாக எழுதப்படும் மதிப்புரைகளை, சில விலக்குகள் நீங்கலாக, அமேசான் 2016 அக்டோபரிலேயே தடை செய்தது. தடைக்குப் பிறகு அந்தப் பேரம் தளத்தை விட்டு வெளியேறி ஃபேஸ்புக் குழுக்களுக்கும் செய்தியனுப்பும் செயலிகளுக்கும் குடிபெயர்ந்தது. பணத்துக்கும் இலவசப் பொருளுக்கும் மதிப்புரை வாங்கித் தரும் 10,000-க்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் குழுக்களின் நிர்வாகிகள் மீது 2022 ஜூலையில் அமேசான் வழக்குத் தொடர்ந்தது. இந்தக் குழுக்களின் வழிமுறை எளிமையானது: பொருளை நீங்கள் உங்கள் பணத்திலேயே வாங்க வேண்டும், ஐந்து நட்சத்திரம் கொடுக்க வேண்டும், பிறகு பணம் வேறொரு வழியில் உங்களுக்கு வந்து சேரும். வாங்கியது உண்மை என்பதால் “சரிபார்க்கப்பட்ட கொள்முதல்” என்ற முத்திரையும் உண்மையாகவே கிடைத்துவிடுகிறது. அந்த முத்திரை ஒரு பணப் பரிமாற்றம் நடந்ததற்குச் சான்று. எழுதியவரின் மனம் சுதந்திரமாக இருந்ததற்குச் சான்று அல்ல.

அதே முத்திரைக்காக இன்னும் விசித்திரமான வேலையும் நடக்கிறது. ‘பிரஷிங்’ என்று அதற்குப் பெயர். விற்பனையாளரே போலிக் கணக்குகளில் ஆர்டர் போட்டு, எங்கிருந்தோ எடுத்த முகவரிக்கு மலிவான ஏதோ ஒன்றைப் பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டவரின் பெயரில் மதிப்புரையைத் தானே எழுதிக்கொள்வார். 2020 கோடையில் அமெரிக்காவின் பல மாநிலங்களில், யாரும் கேட்காமலே வீடு தேடி வந்த விதைப் பொட்டலங்கள் பெரும் பீதியைக் கிளப்பியபோது, அந்நாட்டு வேளாண் துறை விசாரித்துவிட்டு, இது பிரஷிங்காகவே இருக்கக்கூடும் என்றது. ஆர்டர் செய்யாத பொட்டலம் உங்களுக்கு வந்தால் இலவசம் கிடைத்தது என்று மகிழாமல், தளத்துக்குத் தெரிவித்துவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வது நல்லது. உங்கள் பெயரும் முகவரியும் எங்கோ உலவுகின்றன என்பதுதான் அந்தப் பொட்டலம் சொல்லும் செய்தி.

எனக்கு மிகவும் வியப்பளித்த தந்திரம் வேறொன்று. ஒலிபெருக்கி ஒன்றின் பக்கத்தில் ஏராளமான மதிப்புரைகள் இருந்தன. பழையவற்றைப் புரட்டிக்கொண்டே போனபோது ஒருவர், “இரண்டு முறை துவைத்தேன், சாயம் போகவில்லை” என்று எழுதியிருந்தார். இன்னும் கீழே, “ஜிப் உறுதியாக இருக்கிறது.” அந்தப் பக்கம் முன்னொரு பிறவியில் தலையணை உறையாக இருந்திருக்கிறது. நன்றாக விற்ற பழைய பொருளின் பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு படத்தையும் தலைப்பையும் மாற்றிவிட்டால், பழைய நட்சத்திரங்கள் புதிய பொருளுக்குச் சொத்தாக வந்துவிடும். வெவ்வேறு பொருள்களை ஒரே பொருளின் நிற வேறுபாடுகள் போல இணைப்பதும் இதே வகை. வைட்டமின் மாத்திரைகள் விற்கும் பவுண்டிஃபுல் நிறுவனம், புதிய தயாரிப்புகளை நன்றாக விற்ற பழையவற்றோடு இப்படி இணைத்துக் காட்டியதாகக் கூறி, அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்தது; 6 லட்சம் டாலர் செலுத்துவதாக அந்த வழக்கு முடிந்தது. ஒரே நிறுவனத்தின் உண்மையான நிறம், அளவு, கொள்ளளவு வேறுபாடுகள்கூடப் பெரும்பாலும் ஒரே மதிப்புரைத் தொகுப்பைப் பகிர்ந்துகொள்வதால், நான் வாங்கப்போகும் அதே வகையை வாங்கியவர் எழுதியதா என்று இப்போதெல்லாம் ஒவ்வொன்றிலும் பார்த்துக்கொள்கிறேன்.

படித்த மாத்திரத்தில் போலியைக் கண்டுபிடித்துவிடுவேன் என்ற நம்பிக்கை எனக்கு ஒருகாலத்தில் இருந்தது. 2011-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிகாகோ நகர விடுதிகளைப் பற்றிய 400 உண்மையான மதிப்புரைகளையும், கூலி கொடுத்து எழுதி வாங்கிய 400 பொய் மதிப்புரைகளையும் கொண்டு செய்த சோதனை அந்த நம்பிக்கையைக் குலைத்தது. மனித நடுவர்கள் பிரித்துச் சொன்னது, கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தால் கிடைத்திருக்கும் அளவைவிடப் பெரிதாக மேம்பட்டிருக்கவில்லை. கணினி நிரலோ ஏறத்தாழ 90 சதவீதம் சரியாகப் பிரித்தது. ஆனால் அந்த ஆய்வில் எனக்குப் பயன்பட்ட ஒன்று இருந்தது. உண்மையில் தங்கியவர்கள் குளியலறை, மாடி, அறையின் சிறுமை என்று இடத்தைப் பற்றிய விவரங்களை எழுதினார்கள். தங்காதவர்கள் “நான்”, “என் கணவர்”, “விடுமுறை” என்று தங்களைச் சுற்றியே எழுதினார்கள். கற்பனை செய்து எழுதுபவனுக்கு மனிதர்கள் எளிதாகக் கிடைப்பார்கள், அறையின் மூலையில் இருக்கும் மின்செருகியின் இடம் கிடைக்காது.

அந்தச் சோதனை கூலிக்கு மனிதர்கள் எழுதிய காலத்தைச் சேர்ந்தது. 2023-இல், “ஒரு செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியாக” என்று தொடங்கும் மதிப்புரைகள் அமேசானில் காணப்பட்டதாகச் செய்திகள் வந்தபோது, வெட்டி ஒட்டியவர் படித்துக்கூடப் பார்க்கவில்லையே என்று சிரித்தேன். படித்துப் பார்த்து அந்த வரியை நீக்கிவிட்டவர்கள் எத்தனை பேரோ என்று பிறகுதான் தோன்றியது. போலிகளைக் கண்டுபிடித்துத் தரப் பலர் நம்பியிருந்த ஃபேக்ஸ்பாட் சேவையையும், ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா 2025 ஜூலையில் மூடிவிட்டது.

எனவே போலியை அடையாளம் காண்பதை நான் கைவிட்டுவிட்டேன். மாறாக, பொய்யராயினும் மெய்யராயினும், இவர் எழுதியதில் எனக்குத் தேவையான விவரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். முதலில், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தளம் தரும் வரிசையை விட்டுவிட்டுப் புதியவை முதலில் வரும்படி மாற்றுகிறேன். தயாரிப்பாளர் ஓராண்டுக்கு முன் உறுதியான உருளையைப் பொருத்தியிருக்கலாம், இப்போது மலிவானதற்கு மாறியிருக்கலாம், மொத்தச் சராசரி அதைக் காட்டிக்கொடுக்காது. அடுத்து, மதிப்புரைகளுக்குள் தேடும் பெட்டியில் “மாதம்”, “வருடம்”, “பிறகு” போன்ற சொற்களைத் தட்டுகிறேன். “ஆறு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன்” என்று தொடங்கும் ஒரு மதிப்புரை எனக்கு முதல் நாள் மதிப்புரை இருபதுக்குச் சமம். தேடும் பெட்டி இல்லாத தளமாக இருந்தால் மூன்று நட்சத்திரங்களுக்குப் போகிறேன். காசு கொடுத்து மூன்று நட்சத்திரம் எழுதி வாங்குபவர் அரிது. கோபத்தில் எழுதுபவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். மூன்று கொடுப்பவர் பெரும்பாலும் பொருளோடு வாழ்ந்து பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று பிரித்துச் சொல்ல முனைபவராக இருக்கிறார்.

ஒற்றை நட்சத்திரங்களையும் படிக்கிறேன், ஆனால் வேறு கண்ணால். “பெட்டி நசுங்கி வந்தது”, “மூன்று நாள் தாமதம்” என்பவை பொருளின் குறைகள் அல்ல, கொண்டுவந்தவரின் குறைகள், அவற்றைத் தாண்டிவிடுகிறேன். போட்டியாளர் எழுதும் பொய்க் குறைகளும் உண்டு. ஒருவரை ஒருவர் அறியாத ஐந்தாறு பேர், வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு சொற்களில், ஒரே பாகத்தைச் சுட்டிக்காட்டினால் அங்கே நின்றுவிடுகிறேன். என் நாற்காலியின் பக்கத்தில் அப்படித்தான் கேஸ் லிஃப்ட் என் கண்முன் நின்றிருந்தது. மாறாக, பல மாதம் மௌனமாக இருந்த பக்கத்தில் ஒரே வாரத்தில் பாராட்டுகள் கொட்டியிருந்தால், அந்த வாரத்தை விட்டுவிட்டு மற்றவற்றைப் படிக்கிறேன். வாங்கியவர் எடுத்த படங்கள் எழுத்தைவிட அதிகம் சொல்கின்றன. படத்தில் பொருள் புழங்கிய தடயத்தோடு, வீட்டின் இயல்பான கலைந்த நிலையில் இருந்தால் நம்பிக்கை கூடுகிறது; பிரித்த பெட்டியோடு மேசையில் நிறுத்தி எடுத்திருந்தால் அது இரண்டாம் நாள் படம்.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 8 பேர் எழுதி 8 பேரும் பாராட்டிய பொருளும், 200 பேர் எழுதி 190 பேர் பாராட்டிய பொருளும் எதிரெதிரே இருந்தால், நூற்றுக்கு நூறு என்பதால் முதலாவதின் பக்கம் மனம் இழுக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் லப்லாஸ் தந்த ஒரு விதியின்படி, இரண்டு பக்கத்திலும் கற்பனையாக ஒரு பாராட்டையும் ஒரு குறையையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். முதலாவது 10-க்கு 9, அதாவது 90 சதவீதம். இரண்டாவது 202-க்கு 191, அதாவது ஏறத்தாழ 94.6 சதவீதம். ஆனால் இதை நீட்டி, எண்ணிக்கை பெருகப் பெருகப் பொருள் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. ஆயிரக்கணக்கானோர் எழுதிய மதிப்பெண் குறைவாக இருந்தால், பொருள் சுமார்தான் என்பது இன்னும் உறுதியாகிறது என்றுதான் பொருள். சராசரியே சரியில்லாதபோதும் மக்கள் அதிக மதிப்புரை பெற்றதையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று 2017-இல் ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. நானும் “ஆயிரக்கணக்கான” என்ற சொல்லில்தான் விழுந்தேன்.

சட்டங்கள் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. மதிப்புரைகளைச் சரிபார்க்கிறோமா, எப்படி என்பதை வணிகர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனம், இணைய மதிப்புரைகளைச் சேகரிப்பதற்கும் வெளியிடுவதற்குமான ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. போலி மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் அமெரிக்க விதி 2024 அக்டோபரிலும், பிரிட்டனின் சட்டம் 2025 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தளத்தில் காட்டும் மதிப்புரைகளில் எனக்குச் சந்தேகம் இன்னும் அதிகம். நான்கு நட்சத்திரத்துக்குக் குறைந்தவற்றை வெளியிடாமல் தடுத்து வைத்ததாக எழுந்த குற்றச்சாட்டில், அமெரிக்க ஆடை விற்பனை நிறுவனமான ஃபேஷன் நோவா 2022-இல் 42 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. இரண்டாம் நாளில் உற்சாகமாக எழுதும் என்னை மட்டும் எந்தச் சட்டமும் தடுக்காது.

பிறருடைய மதிப்புரைகளைவிட நான் இப்போது அதிகம் நம்புவது திருப்பி அனுப்பும் கெடுவை. பொருள் வந்ததும் பெட்டியையும் அட்டைகளையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டு, கெடு முடிவதற்குள் அதைத் தாறுமாறாகப் பயன்படுத்திப் பார்க்கிறேன். புதிய விளக்காக இருந்தால் ஓர் இரவு முழுவதும் எரிய விடுவேன்; பையாக இருந்தால் புத்தகங்களை நிரப்பித் தூக்கிக்கொண்டு படியேறுவேன். கெடு முடியும் நாளைக் கைபேசி நாட்காட்டியில் குறித்துவைக்கிறேன்; மூன்று மாதம் கழித்து இன்னொரு குறிப்பு, அன்றுதான் மதிப்புரை எழுதும் நாள். அந்த நாளில் பெரும்பாலும் சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. “மூன்று மாதமாக ஒரு தொல்லையும் இல்லை” என்று அந்த ஒன்றுமில்லாததையே எழுதி வைக்கிறேன். எத்தனை நாள் பயன்படுத்தினேன், எதற்காக, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்பதை முதல் வரியிலேயே போட்டுவிடுகிறேன்.

நாற்காலிக்குத் திரும்புகிறேன். கேஸ் லிஃப்டை மட்டும் தனியாக வாங்கி மாற்றிவிட முடிந்தது; பழையதைக் கழற்றத்தான் சுத்தியலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அன்று மாலையே என் மதிப்புரையைத் திறந்து, ஐந்தை இரண்டாகக் குறைத்து, பழைய வாக்கியங்களை அழித்துவிட்டு, “மூன்றாம் மாதத்தில் உருளை கசிந்து இருக்கை இறங்குகிறது. இடது கைப்பிடி முதல் நாளிலிருந்தே ஆடுகிறது; அதை அப்போது எழுதாமல் விட்டது என் தவறு” என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் திருத்தம் வெளியானது. பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். இரண்டு நட்சத்திரம், புதிய எழுத்து எல்லாம் சரியாக இருந்தன. கீழே, அதே சாம்பல் நிறத்தில், “37 பேருக்கு இது பயனுள்ளதாக இருந்தது” என்ற வரி அசையாமல் அப்படியே இருந்தது.